வயிற்றுக்குத்து இராஜதந்திரம்

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அமெரிக்காவும் சீனாவும் ராசியான கதையை வகுப்பில் பிரெஞ்சில் ஒப்பிக்க வேண்டியிருந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக முகம் கொடுத்துப் பேசாத நாடுகள். முதலில் அமெரிக்க மேசைப்பந்து ஆட்டக்காரர்கள் சீனாவுக்குப் போனார்கள். பிறகு அமெரிக்க ஜனாதிபதியின் ஆலோசகர் பாகிஸ்தானில் வயிற்றுவலி என்று நடித்துவிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் சீனாவுக்குப் பறந்தார். அடுத்த வருடம் ஜனாதிபதியே போய்க் கை குலுக்கினார். கடைசியில் தூதரகம் திறந்தார்கள். அதற்காக அமெரிக்கா தாய்வானுடன் இருந்த உறவை முறித்துக்கொண்டது. அந்தக் கடைசி வரிக்கு என் குறிப்பு மட்டையில் இடம் போதாமல் சின்ன எழுத்தில் எழுதினேன்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பகை இருந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த பியர்பொன்ட்ஸில் ஐந்து தெரு தள்ளித்தான் பெரியப்பா வீடு, ஆனால் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. காரணம் அப்பாவின் தங்கை, எங்கள் மாமி. மாமி விரும்பிக் கட்டியவர் ‘எங்கட ஆக்கள் இல்லை’ என்று பெரியப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பா துணிந்து முன்னின்று தாரை வார்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் கீரியும் பாம்பும். மாமி மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் நகரத்தின் மறுகோடி லாசாலில் இருந்து பஸ் மாறி மாறி வந்து, எனக்குத் தலை இழுத்துப் பின்னி, அப்பாவுக்குப் புட்டு அவித்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

நான் படித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பெரியப்பா நிர்வாகி. அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓடுகிறவர், சனியும் வேலை. அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாது. ஆகவே எனக்கு வயிற்றுக்குத்து வந்தால், வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியவர் பெரியப்பாதான். ஒரு சனிக்கிழமை எனக்கு வயிற்றுக்குத்து வந்தது.

காருக்குள் ஏறியதும், “அப்பா உங்களோட கதைக்க ஆசைப்படுறார், பெரியப்பா” என்றேன்.

“அவன் சொன்னவனோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

பின்னேரம் அப்பாவிடமும் அதே பொய்யைத் திருப்பிப் போட்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நான் சொன்னது இரண்டுதான்.

இரண்டு கிழமையில் பெரியப்பா தன் மகளின் கல்யாணக் கார்டோடு வந்தார். எங்கள் சனத்தில் கார்டை நேரில் வந்து வைத்துச் சொல்ல வேண்டும். தபாலில் போட்டால் வராதே என்று அர்த்தம். அப்பா எழுந்து நின்றார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் பெரியப்பா விஷயத்துக்கு வந்தார்.

“தங்கச்சிக்கு நான் கார்ட் வைக்கமாட்டன். மாப்பிள்ளை பகுதி எல்லாம் விசாரிக்குது. இனி அவள் இஞ்ச வந்து போறதும் வேண்டாம். நீ ஓமெண்டா எல்லாம் சரி.”

அம்மா அடுப்பைப் பார்ப்பதுபோலக் குசினிக்குள் போய்விட்டார். அப்பா கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் அண்ணை.”

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. உலகமே அப்படித்தானே செய்தது, மட்டையில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேனே. அன்றைக்கு அப்பாவைக் கோழை என்று நான் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

அப்பா மாமிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன்மார் ராசியான செய்தி மட்டும் எப்படியோ லாசாலுக்கு எட்டியிருந்தது. மாமி போனில் கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன்.

“பெரியண்ணை எனக்கு எப்ப கார்ட் கொண்டு வாறாராம்? வீடெல்லாம் துடைச்சு, பலகாரமும் சுட்டு வைச்சிருக்கிறன்.”

பெருமை எனக்குத் தொண்டை வரை நின்றது. நடித்ததிலிருந்து கட்டிப்பிடித்தது வரை மூச்சு விடாமல் சொன்னேன்.

“ஆனா உங்களுக்குக் கார்ட் இல்லை மாமி. நீங்கள் இனி இஞ்ச வரவும் வேண்டாமாம்.”

மாமி ஒன்றைத்தான் கேட்டார்.

“சின்னண்ணை ஓமெண்டவரோ?”

“ஓம் மாமி. எல்லாம் நான் செய்தது.”

“கெட்டிக்காரி” என்றுவிட்டு மாமி போனை வைத்தார்.

அந்தப் பாராட்டை அம்மாவிடம் சொல்லக் குசினிக்கு ஓடினேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு என் கன்னத்தில் அறைந்தார். நல்லது செய்த பிள்ளையை எதற்கு அடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த அறை அப்பாவுக்கு உரியது என்பதும் விளங்கவில்லை.