ஹோர்ட்டன் சமவெளிக்கு நான் போட்ட பிளான்

ஈரச் சொக்ஸ் மண்ணெண்ணெய் அடுப்புச் சூட்டில் காயும் நாற்றம் தெரியுமா உங்களுக்கு? மலையகத்துக் கொட்டகலையில் மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் போர்டிங் அறைக்கு அதுதான் வாசனை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முதல் ஆசிரியர் நியமனம். அறையைப் பகிர்ந்துகொண்டவர் யோகநாதன் சேர். புவியியல் படிப்பிக்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

அந்த மனிதரோடு நான் பட்ட பாடு...

ஹோர்ட்டன் சமவெளியைப் பற்றி அவர் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் எட்டிப் பார்ப்பார்கள். கரும்பலகையில் செங்குத்துப் பாறையைக் கீறுவார், புல்வெளியைக் கீறுவார், மரை மேயும் இடத்தைக்கூடப் புள்ளி வைத்துக் காட்டுவார். ஆனால் அங்கே ஒருநாளும் போனதில்லை! ரயிலேறினால் பட்டிப்பொல, அங்கிருந்து ஒரு வேன். அவ்வளவுதான். கொட்டகலைக்கு வந்து நான்கு வருடமாகியும் போகவில்லை.

வருட முடிவில் அவருக்கு இடமாற்றம். அதற்குள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவரேதான் சொன்னார். அதனால்தானே நான் பிளான் போட ஆரம்பித்தேன்.

மூன்று தடவை நாள் குறித்தேன்.

முதல் தடவை, "பனி கூடவாம் தம்பி, பிறகு பாப்பம்."

அடுத்த தடவை, "பேப்பர் திருத்தக் கிடக்கு."

மூன்றாம் தடவை, "அங்க அட்டை கடிக்குமாம்."

"காலுக்கு சவுக்காரத்தத் தேச்சுட்டு போவோம் சேர். நான் என்ன அட்டை இல்லாத ஊர்லயா பொறந்தேன்?" என்றேன். சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார், வரவும் மாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பின்னேரமானால் அவரே ஆரம்பிப்பார். "நடைபாதை எத்தனை மைல் இருக்கும் தம்பி? வாசல்ல ஒரு தகவல் நிலையம் இருக்காம், மரைக் கொம்பு வச்சிருக்கினமாம், உண்மையே?" எங்கிருந்தோ ஒரு வரைபடம் வாங்கி வந்து, பாதையைப் பென்சிலால் கீறி வைத்திருந்தார். எந்த இடத்தில் இருந்து சாப்பிடுவது என்பதுவரை குறித்திருந்தார். இவ்வளவு ஆசை உள்ள மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்?

இனி இவரைக் கேட்டுப் பிரயோசனமில்லை, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று முடிவு கட்டினேன். இன்னும் இரண்டு ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டேன். சனிக்கிழமைக்கு வேன் பேசினேன். போர்க்காலம், வழியெல்லாம் செக் பொயின்ட். மறித்தால் காட்டுவதற்குப் பொலிஸில் சீல் வைத்த கடிதம் ஒன்று இருந்தால் சுகம் என்று தோன்றியது. பிளான் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

கடைவீதியில் சிங்களத்தில் டைப் அடித்துத் தருகிறவரிடம் போய் உட்கார்ந்தேன். நான்கு பேரின் பெயர், நிரந்தர முகவரி, அடையாள அட்டை இலக்கம். யோகநாதன் சேரின் இலக்கத்தைப் பாடசாலைப் பதிவேட்டில் பார்த்து எழுதினேன். முகவரி? அவருடைய அம்மாவிடமிருந்து எப்போதாவது வரும் கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு சாக்குச் சொல்வாரே...

கடிதத்தைப் பொலிஸில் கொடுத்து, பிரதியில் சீல் வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வந்தேன். மறுநாள் இடைவேளையில் எல்லோருக்கும் முன்னால் அவரிடம் நீட்டுவதாக எண்ணம்.

மறுநாள் இரண்டாம் பாடத்துக்கே பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. வகுப்பிலிருந்து அவரை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். கையில் சோக்கட்டியோடுதான் ஏறினார்.

பிரின்சிபல் என்னைப் பார்த்த பார்வை! "யாருப்பா ஒன்னைய பேரு வெலாசமெல்லாம் எழுதிக் குடுக்கச் சொன்னது? நாலு வருசமா அந்த மனுசன் கடவீதிக்கே பாத்துப் பாத்துத்தான் போறாரு. ஒரே ரூம்ல இருக்க, ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒன்றரை வருடம் ஒரே அறை, ஒரே அடுப்பு. எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணம் என்றாலே புலியோ என்று சந்தேகப்படும் காலத்தில், யாழ்ப்பாணத்து முகவரியுள்ள ஓர் ஆண் காட்டுப் பாதையில் நடக்கப் போகிறான் என்று நானே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். முட்டாள், முழு முட்டாள்.

பிரின்சிபல் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தானே பொலிஸுக்குப் போனார். பின்னேரம் நான்கு மணிக்கு இருவரும் திரும்பி வந்தார்கள். அதுவரை நான் பாடசாலைப் படியில் உட்கார்ந்திருந்தேன். அவரை அடித்தார்களா என்று கேட்க வாய் வரவில்லை.

அறைக்கு வந்து முகம் கழுவினார். நான் ஊற்றிய பிளேன்டீயைக் குடித்தார்.

"எனக்குப் பனியும் அட்டையும் பிரச்சினை இல்லைத் தம்பி. நான் இஞ்ச இருக்கிறன் எண்டு கனபேருக்குத் தெரியாமல் இருந்தால் காணும் எண்டு நினைச்சன். அதை உம்மட்டைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

"மன்னிச்சிருங்க சேர்" என்றேன். "அதை விடும்" என்றார். வரைபடத்தை மடித்து அடுப்புத் தீயில் வைத்தார். டிசம்பரில் இடமாற்றத்தில் போய்விட்டார். சமவெளியைப் பார்க்காமலே போனார்.

போன மாதம் என் மகள் கட்டிலில் சாய்ந்தபடி போனைத் தட்டி, அதே இடத்துக்கு டிக்கெட் எடுத்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எந்த ஊர்க்காரர் என்று யாரும் துருவவில்லை. எவ்வளவு லேசான காரியம் இது! அன்றைக்கு ஏன் இப்படி இருக்கவில்லை என்று யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது?

மனசு கேட்கவில்லை. யோகநாதன் சேர் ஓய்வுபெற்று வவுனியாவில் இருக்கிறார். கோல் எடுத்தேன்.

"சேர், இப்பவாச்சும் வாங்க. வேன், ரூம் எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அவர் சிரித்தார்.

"வாறன் தம்பி. நீர் ஆரிட்டையும் என்ர பேரை எழுதிக் குடுக்க மாட்டீர் எண்டால் வாறன்."

நானும் சிரித்து வைத்தேன். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்கிறாள் என் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.