வெள்ளானூர் போரும் பூமியின் அச்சும்

வெள்ளானூரில் அங்கம்மாவுக்கு இருந்த துண்டு நிலத்தில் நெல் விளைந்து பல வருஷமாகிவிட்டது. கணவர் போன பிறகு அதிலிருந்த ஆழ்துளைக் கிணறு, அந்த போர்தான் அவளுக்குச் சோறு போட்டது. திருமுல்லைவாயில் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் விலைக்கு வாங்கிக் கொண்டுபோக டில்லிபாபு தினமும் லாரியோடு வருவான்.

போன கோடையில் பக்கத்து வீட்டு யுவராணியின் கைப்பம்பு வற்றியது. கர்ப்பமாக இருந்தவள், ரோட்டுக் குழாயிலிருந்து குடம் தூக்கி வரும்போது தன் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை.

அங்கம்மா பார்க்கப் போனாள்.

"உன் மோட்டார் ஓடறப்போ எங்க பம்புல காத்துதான் வருது. உனக்குத் தெரியாதா யக்கா?" என்று கேட்டாள் யுவராணி.

"ஊரே எறைக்குதும்மா. என் ஒரு போரால இன்னா ஆவப்போவுது?"

யுவராணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

ஒருநாள் லாரி நிரம்பும்வரை செல்போனில் செய்தி கேட்டுக்கொண்டிருந்த டில்லிபாபு சிரித்தான்.

"யக்கா, உலகம் பூரா தரைக்கடியில தண்ணிய உறிஞ்சினதுல பூமி சுத்தற அச்சே நவுந்துபோச்சாம். வடதுருவம் முன்ன இருந்த எடத்துல இல்லியாம்."

"எவ்ளோ நவுந்துச்சாம்?"

"ஒரு மீட்டர்கூட இல்ல. நமக்கு ஒண்ணும் ஆவாதுன்றான்."

"யாரு எறைச்ச தண்ணியாம்?"

"இன்னார்னு எப்டி சொல்றது? எல்லாரும்தான்."

அங்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாரும்தானே என்று சொல்லித்தான் அவள் இத்தனை நாளும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். துருவம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. யுவராணி விழுந்த படி எதிரிலேயே தெரிந்தது.

லாரி நிரம்பியதும் மோட்டாரை அணைத்தாள். "நாளையிலேர்ந்து வராத டில்லி."

"நீ இல்லன்னா அடுத்த தெருல புடிப்பேன் யக்கா. அச்சு திரும்பி வந்துருமா?"

"வராது. எனக்கும் தெரியும்."

அவன் அடுத்த தெருவில்தான் பிடித்தான். அங்கம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கேன்டீனுக்குப் பாத்திரம் கழுவப் போனாள். ஐப்பசி மழைக்குப் பிறகு யுவராணியின் பம்பில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. மழையால் வந்ததா, தான் நிறுத்தியதால் வந்ததா என்று அங்கம்மா யாரிடமும் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, ஆவடி போகும் ஷேர் ஆட்டோவில் யுவராணி உட்கார்ந்திருந்தாள். அங்கம்மா ஏறத் தயங்கினாள். யுவராணி பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பிக் கொஞ்சதூரம் போனதும், "கையில இன்னா இவ்ளோ புண்ணு?" என்று கேட்டாள் யுவராணி.

"சோப்புத் தண்ணி."

"தேங்காண்ணெ தடவு."