கம்ப்யூட்டர் அறைத் தாழ்ப்பாள்

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். இதில் ஒரு வார்த்தை கூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று சொல்லியே பிழைக்கிறவன். பேய் என்று யாராவது பேசினால், "போய் வேலையப் பாருய்யா" என்று விரட்டுவேன். அப்படிப்பட்ட நான், போன நவம்பரில், கல்வராயன் மலையில், ஒரு அறைக்குள் ஒரு மணி நேரம் ஏழு நிமிடம் மாட்டிக்கொண்டேன்.

கரியாலூருக்கு மேலே ஒரு பள்ளிக்கூடம். பேர் வேண்டாம், பிள்ளைகள் படிக்கிற இடம். தலைமையாசிரியை நிர்மலா போன் செய்தார்.

"லினக்ஸ் சிஸ்டம்ங்க. பாஸ்வேர்டு குடுத்தா உள்ள போற மாதிரி போயிட்டு, திரும்பியும் பாஸ்வேர்டே கேக்குது. பத்தாவது புள்ளைங்க பேரு லிஸ்ட்டு பாதிதான் அடிச்சிகீறோம். திங்கக்கெழம அனுப்பியாவணும்."

சனிக்கிழமை மதியம் 2.50க்குப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகள் யாரும் இல்லை. மலை முழுக்கப் பனிமூட்டம். வாட்ச்மேன் பச்சமுத்து சாவிக்கொத்தோடு வந்து, கதவிலேயே பதித்திருந்த பூட்டைத் திறந்துவிட்டார். அவர் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

"உள்ள வாங்களேன்."

"வேணாம் சார். கொரங்கு ஜாஸ்தி. கதவ சாத்திகினு வேல பாருங்க. நான் கேட்டாண்ட கீறேன்."

குரங்குத் தொல்லை அங்கே அப்படி. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடும். பிள்ளைகள் உள்ளே பூட்டிக்கொள்வார்கள் என்று உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்கள். அதனால் ஆள் உள்ளே இருந்தாலும் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவது அந்தப் பக்கத்துப் பழக்கம்.

கதவைச் சாத்தினேன். மணி 3.05.

கிர்ர்ர்... டக்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யோவ், எதுக்குய்யா தாப்பா போடுற?" என்று கத்தினேன். கதவு திறக்கவில்லை. சரி, முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரே ஜன்னல். அதிலும் கம்பி, கம்பிக்கு மேல் வலை. போனில் சிக்னல் இல்லை. ஒரு மூலையில் மட்டும் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் கேட்டால் பெரும்பாலும் டிஸ்க் நிறைந்திருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று, மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். கறுப்புத் திரை வந்தது. அதன் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். நான் நினைத்தது சரி. நூறு சதவீதம் நிறைந்திருந்தது. கம்ப்யூட்டர் தனக்குள் நடப்பதைத் தானாகக் குறித்துவைக்கும் ஒரே ஒரு பதிவு ஃபைல் டிஸ்க் முழுவதையும் தின்றிருந்தது.

திறந்தேன். கவியரசன் என்று ஒரு பெயர். வரிக்கு வரி அதே பெயர். நொடிக்கு ஒரு வரி. முதல் வரி போன வருடம், இன்றைக்கு இருந்த அதே தேதி, 3.05.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரப் பேட்டரி செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஃபைலை அழித்தேன்.

இடம் திரும்பி வரவில்லை.

யாரோ அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருந்தால்தான் அப்படி ஆகும். இப்போது இந்தக் கம்ப்யூட்டருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பெயர் வந்தது. ஒன்று நான். இன்னொன்று... கவியரசன். எஃப் நான்கில் வரும் நான்காவது திரையில்.

இன்டர்நெட் வயரே சொருகவில்லை. இருந்தது ஒரே ஒரு கீபோர்டு. அது என் கைக்குக் கீழே இருந்தது.

3.50. கரண்ட் போனது. லைட் அணைந்தது. ஃபேன் நின்றது.

திரை மட்டும் அணையவில்லை.

மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். யுபிஎஸ் இல்லை. பிளக் நேராகச் சுவரில் இருந்தது. பிடுங்கினேன்.

அப்போதும் அணையவில்லை.

ஓடிப்போய்க் கதவை இழுத்தேன். அசையவில்லை. "பச்சமுத்து! யோவ் பச்சமுத்து!" தொண்டை கிழியக் கத்தினேன். பனியில் என் குரல் எங்கேயும் போன மாதிரி தெரியவில்லை.

4.02. ஒரு வாடை. பேட்டரி தீய்ந்த வாடை. புகை கண்ணுக்குத் தெரியவில்லை... ஆனால் நெஞ்சு எரிந்தது. மூச்சு பாதியிலேயே நின்றது. செத்துவிடுவேன் என்று தோன்றியது. என் பொண்ணு ரம்யா முகம் வந்து நின்றது.

கன்ட்ரோல், ஆல்ட்டோடு எஃப் நான்கை அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்று கேட்காதீர்கள்.

எழுத்துகள் தானாக விழுந்துகொண்டிருந்தன. இங்கிலீஷ் எழுத்தில், தமிழ்.

கதவதொற

அப்படி ஒரு கட்டளை இல்லை என்று கம்ப்யூட்டர் பதில் சொன்னது.

கதவதொற

இல்லை.

கதவதொற

இல்லை.

உள்ளே இருந்தவனும் என்னை மாதிரியே மாட்டிக்கொண்டவன். அது எனக்கு அப்போது புரிந்தது. ஒரு வருடமாகக் கேட்கிறான். ஒரு வருடமாக இல்லை என்றே பதில் வருகிறது.

எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை. அந்தத் திரையிலேயே ஒரு வரி அடித்தேன். "கதவதொற" என்று ஒரு கட்டளை இருக்கிறது, இனி அதற்கு இல்லை என்று சொல்லாதே. அவ்வளவுதான். என்டர்.

4.12.

எழுத்துகள் விழுந்தன. மெதுவாக... ஒவ்வொன்றாக.

கதவதொற

இல்லை என்று வரவில்லை.

கிர்ர்ர்... டக்.

கதவு திறந்தது.

வெளியே யாரும் இல்லை.

ஓடினேன். கேட் பக்கத்தில் பச்சமுத்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்தேன்.

"எதுக்குய்யா தாப்பா போட்ட? செத்துருப்பேன்யா!"

அவர் பீடியைக் கீழே போட்டார். "நான் போடல சார்."

"என் காதால கேட்டேன்!"

அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவைக் காட்டினார்.

வெளிப்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு துளைகள். அதற்குள் சிலந்தி வலை.

"போன வருசம் கவியரசன்னு ஒரு புள்ள லிஸ்ட்டு அடிச்சிக்கினு இருந்தான் சார். கொரங்கு வரும்னு நான்தான் தாப்பா போட்டேன். போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். யுபிஎஸ் வெடிச்சி ரூமெல்லாம் பொக. நான் வந்து தொறக்கறப்போ புள்ளைக்கு உசுரு இல்ல..." கதவிலிருந்த துளைகளைத் தொட்டார். "அன்னிக்கே அந்தத் தாப்பாவ நானே பேத்து எறிஞ்சிட்டேன் சார்."

என் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கித் தொறந்துச்சா சார்?"

"தொறந்துச்சு."

அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே திரை அணைந்திருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை. திங்கட்கிழமை காலை நிர்மலா டீச்சர் போன் செய்தார்.

"சிஸ்டம் நல்லா ஓடுதுங்க. ரொம்ப தேங்க்ஸ்ங்க. மீதிப் பேரயும் நீங்களே அடிச்சிக் குடுத்துட்டீங்களே. நாப்பத்தாறு பேரும் சரியா கீதுங்க."

நான் ஒரு பேரைக்கூட அடிக்கவில்லை. அந்தப் பேர் லிஸ்ட் ஃபைலைத் திறக்கவே இல்லை. கடைசியாக சேவ் ஆன நேரம் என்ன என்று மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமை, 4.31.

அப்போது பிளக் தரையில் கிடந்தது. நானும் பச்சமுத்துவும் வாசலில் உட்கார்ந்திருந்தோம்.