ஒரு நெல்லைக் கடிக்க

அரசுத் தொழிற்சாலை ஒன்றில், அதிகாரிகளின் விமானப் பயணங்களுக்கு அனுமதி தரும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யாருடைய விண்ணப்பம் வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பேன்: "நேர்ல போய்த்தான் ஆகணுமா?" வீடியோவில் பேசும் வசதி வந்த பிறகு, உலகமே அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. விமானக் கம்பெனிகளுக்கு அது நல்ல செய்தி அல்ல.

நன்னிலத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ரைஸ் மில்காரர் அன்று கோலாலம்பூர் கிளம்பினார். அங்கே அரிசி மொத்த வியாபாரம் செய்யும் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவருக்கு மாதிரி நெல்லைக் காட்ட வேண்டும். ஆர்டர் கிடைக்காவிட்டால் இந்தச் சம்பா முழுக்க மில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். விதிமுறை தெரிந்தவன் என்று என்னையும் திருச்சி விமான நிலையம் வரை அழைத்துப்போனார்.

நேர் விமானத்தில் இடமில்லை. சென்னை வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து வேறொரு கம்பெனி என்று தனித்தனி டிக்கெட் வாங்கியிருந்தார். சென்னை விமானம் ரத்து.

"அடுத்த ஃப்ளைட்டைப் புடிச்சிக் குடுக்க மாட்டாங்களா சார்?"

"ஒரே டிக்கெட்டா இருந்தா குடுத்தே ஆகணும். நீங்க ரெண்டா வாங்கியிருக்கீங்க. சென்னை வரைக்கும் வேற ஃப்ளைட்டு, இல்லேன்னா காசு, அவ்வளவுதான் குடுப்பாங்க. அங்கேருந்து கெளம்புற ஃப்ளைட்டு உங்களுக்காக நிக்காது."

"நல்லாத்தான் விதி போட்டிருக்கீங்க!" நானே உட்கார்ந்து எழுதியது போலச் சொன்னார்.

அங்கேயே வியாபாரியை வீடியோவில் அழைத்து, பையைப் பிரித்து உள்ளங்கையில் நெல்லைக் காட்டினார்.

"நெறம் தெரியுது தம்பி. போன் வழியா எப்படிக் கடிக்கிறது?" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானே வர்றேன்" என்றார்.

அந்த வாரமே வந்துவிட்டார். கடல் தாண்டி, மேகம் தாண்டி, சோதனை வரிசைகளைத் தாண்டி எழுபதை நெருங்கும் ஒரு மனிதர் மில் களத்தில் வந்து நின்றார். பயணத்தின் நோக்கம், நெல் கடித்தல். என் மேஜைக்கு வந்திருந்தால் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பையிலிருந்த மாதிரியில் ஒரு நெல்லை நகத்தால் உரித்துக் கடித்தார். 'டக்' என்றது. மில்காரர் முகம் மலர்ந்தது. கிழவர் களத்தில் கிடந்த நெல் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். சத்தமே இல்லை.

"பையில உள்ளது காஞ்சிருக்கு. அடியில இன்னும் ஈரம். இப்படியே அரைச்சா பாதி அரிசி ஒடைஞ்சு நொய்யாப் போயிடும்."

"அப்ப ஆர்டர், பாய்?"

"நீங்க பையோட வந்திருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன். நொய்யா வந்து எறங்குனதும் சண்டை போட்டுப் பிரிஞ்சிருப்போம்." கையைத் தட்டிக்கொண்டார். "நல்ல நெல்லு. இன்னும் ஒரு வெயில் காட்டுங்க. நாளைக்கு வந்து கடிச்சிட்டு ஏத்தச் சொல்றேன்."

எனக்குப் புல்லரித்தது. அத்தனை பெரிய இயந்திரம் அத்தனை பேரைச் சுமந்து வானத்தில் ஏறுவது, கடைசியில் இந்த ஒரு பல் இந்த ஒரு நெல்லைத் தொடுவதற்காகத்தான் போலும்.

மில்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே பலகையை எடுத்துக் குவியலைப் பரப்ப இறங்கினார். வியாபாரி திரும்பும் டிக்கெட்டை நீட்டி, "இதை ரெண்டு நாள் தள்ளிப் போட முடியுமா சார்?" என்றார்.

முடியும். அந்த விதி எனக்கு மனப்பாடம்.