மைனர் காருக்கு அம்மா போட்ட எடை

உங்கள் அம்மா முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்துச் சேர்த்த காசை, உங்களைவிட இரண்டு மடங்கு வயதான ஒரு காருக்குத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். கெஞ்சியெல்லாம் கேட்கவில்லை. கெம்பஸ் முடித்துப் பட்டம் வாங்கியவன் கெஞ்சுவானா? லெப்டொப்பைத் திறந்து வைத்து விளக்கம் கொடுத்தேன்.

அம்மாவுக்கு அறுபது முடிந்து தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டி, ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சில மாதம் அலைந்த பிறகு ஈ.பி.எப். காசு வந்தது. பதினோரு லட்சத்துச் சொச்சம். அதைக் கேள்விப்பட்டதும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கூரைத் தகரம் மாற்று என்றார் ஒருவர். நகை வாங்கு என்றார் இன்னொருவர். பாங்கில் போட்டுவிட்டு வட்டியைச் சாப்பிடு என்றார் மூன்றாமவர், அவரே மறுநாள் வந்து கைமாற்றாகக் கொஞ்சம் கேட்டார். திட்டம் என்று ஒன்று என்னிடம் மட்டும்தான் இருந்தது. நானுஓயா ஸ்டேஷனில் இறங்கும் வெள்ளைக்காரர்கள் நுவரெலியா டவுனுக்குப் போக வேனுக்குப் பேரம் பேசுகிறார்கள். அதே ரோட்டில் அந்தக் காலத்து இங்கிலாந்துக் குட்டிக் காரான மைனரில் ஏற்றிக்கொண்டு போனால், வேன் கூலிக்கு மூன்று மடங்கு கொடுத்துவிட்டு, போட்டோ எடுக்க இடம் கிடைத்ததற்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள். கல்யாணச் சீசனில் மாப்பிள்ளை பெண்ணுக்கு வாடகை. ஏப்ரலில் கொழும்புப் பணக்காரர்களுக்கு வாடகை. எக்செல் ஷீட்டில் பார்த்தால் இரண்டே வருடத்தில் நான் முதலாளி.

காரின் விலையை முடிவு செய்வதற்கும் ஷீட் இருந்தது. இணையத்தில் விற்பனைக்குப் போட்ட மைனர் கார்களை எல்லாம் தேடி, வரிசைப்படுத்தி, சராசரி போட்டேன். எட்டு லட்சத்துக்கும் இருந்தது, முப்பது லட்சத்துக்கும் இருந்தது. எல்லா விளம்பரத்திலும் 'ஒரிஜினல்' என்று எழுதியிருந்தது. கதவே இல்லாத ஒன்றும் ஒரிஜினல்தான். பாதிப் பேர் 'விலை இன்பொக்ஸில்' என்றார்கள், ஏதோ காரை ரகசியமாகக் கடத்துகிற மாதிரி. மலைநாட்டு விளம்பரம் என்றால் கூடுதலாக ஒரு வரி இருக்கும். 'வெள்ளைக்கார துரை ஓட்டியது.' இங்கே பழைய நாற்காலியும் துரை உட்கார்ந்தது, பழைய குளியல் தொட்டியும் துரை குளித்தது. எல்லாம் உண்மையென்றால் அந்தக் காலத்தில் தேயிலைச் செடியைவிடத் துரைமார்தான் அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் கந்தப்பளையில் ஒரு கார் கிடைத்தது. நடுவில் ஸ்ரீ போட்ட பழைய நம்பர். பச்சை நிறம். விற்கிறவர் எங்கள் தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை என் விளக்கம் முழுவதையும் வெற்றிலை மென்றுகொண்டே கேட்டிருந்த அம்மா, அந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்தார்.

"யாரு? நம்ம பெரிய ஐயாவோட மைனரா?"

"ஆமா. தெரியுமா?"

"தெரியாமயா. எப்ப பாக்கப் போறோம்?"

என் எக்செல் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். 

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போதே அம்மாவுக்கு வகுப்பு எடுத்தேன். "அங்க வந்து வாயத் தொறக்காதீங்க. பேரம் பேசுறது ஒரு சயின்ஸ். புடிச்சிருக்குன்னு காட்டவே கூடாது. எட்டுல ஆரம்பிப்பேன், பத்துல முடிப்பேன். சும்மா சும்மா ஐயா ஐயான்னு கும்பிடக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரிங்க தொர," என்றார் அம்மா.

நுவரெலியா டவுனில், நான் வரச் சொல்லியிருந்த மெக்கானிக் பாஸ் ஏறிக்கொண்டார். பாஸ் என்றால் இங்கே மேஸ்திரி. சிங்களவர், பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுவதே அவருக்கு வேலை, தமிழ் நன்றாக வரும். கந்தப்பளையில் ஐயாவின் வீடு ரோட்டுக்கு மேலே இருந்தது. காரை அன்றைக்கென்றே கழுவி, மெழுகு போட்டு, வாசலில் நிறுத்தியிருந்தார். பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு செல்பி எடுத்தது. இரண்டாவது, இன்னொரு செல்பி. சயின்ஸ் அத்தோடு முடிந்தது.

"வாங்க தம்பி. கெம்பஸ் முடிச்சிட்டீங்களாமே. கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோசம்," என்று ஐயா எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அம்மாவைப் பார்த்து, "என்னம்மா, பேரு வெட்டிட்டாங்களா? சொகமா இருக்கியா?" என்றார். எனக்கு நீங்க, என்னைப் பெற்றவளுக்கு நீ. அவருக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. டீ வந்தது. எனக்குச் சாசரோடு கோப்பை. அம்மாவுக்கு எவர்சில்வர் டம்ளர். அம்மா அதை வாங்கிக்கொண்டு வாசற்படிக்குக் கீழே, காருக்குப் பக்கத்தில் நின்றார். பாஸ் டீயை அப்படியே வைத்துவிட்டு டோர்ச்சோடு காருக்கு அடியில் போனார்.

"பதினாறு," என்றார் ஐயா. "ஒங்களுக்காகத்தான் பதினாறு. கொழும்புல இருந்து ஒரு டொக்டர் வந்து இருவது தாறேன்னாரு. குடுக்கல."

"ஏன் ஐயா?" கும்பிடக் கூடாது என்று சொன்னவன் நான்தான்.

"படிச்சவங்க கையில போகணும் தம்பி. இது வெள்ளக்கார தொர ஓட்டுன கார். கீறல் கிடையாது. ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. எல்லாம் ஒரிஜினல்."

என் வாயில் எட்டு தயாராக இருந்தது. ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தேன். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது பெரிய கணக்கப்பிள்ளை வீட்டு வராந்தாவில், மெத்தை வைத்த நாற்காலியில். எங்கள் லயத்து ஆட்களில் எத்தனை பேருக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்கும்? 'படிச்சவங்க' என்கிற வார்த்தை வேறு இன்னும் காதில் சூடாக இருந்தது. படித்தவன் எட்டு என்றால் அசிங்கமில்லையா? சாசரில் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு, பெரிய மனிதன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"பதினாலரைக்கு முடிப்போம் ஐயா."

அம்மாவிடம் இருந்ததே பதினோரு லட்சம். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கு ஆறரை லட்சம் கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயாவின் முகம் மலர்ந்த அதே நேரம் பாஸ் அடியிலிருந்து வெளியே வந்தார். "மல்லி, மேக்க திரலா," என்றார். தம்பி, இது துருவேறி உக்கிப்போய்விட்டது என்று அர்த்தம். ஐயாவுக்கும் விளங்கட்டும் என்று தமிழில் தொடர்ந்தார். ஸ்க்ரூட்ரைவரை வைத்தால் அடித்தகரத்தில் பப்படத்தில் இறங்குகிற மாதிரி இறங்குகிறதாம். கியர்பொக்ஸ் ஏதோ ஜப்பான் வேனுடையதாம். பிறகு பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து முன் மட்கார்டில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. உள்ளே தகரம் இல்லை, பூசி மெழுகியது மட்டும்தான் இருக்கிறது என்று சிரித்தார்.

"பழைய காருன்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும்," என்றார் ஐயா. "தம்பி வெல சொல்லிட்டாரு. பேச்சு பேச்சுதான்."

நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா டம்ளரைப் படியில் வைத்தார்.

"அவன் சொன்னது அவன் காசுக்குங்க. அவங்கிட்ட காசே இல்ல. இது எங் காசு. நான் எட போட்டுக்கிறேங்க ஐயா."

"எடையா?"

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கொழுந்து பறித்து, எடை போடும் மடுவத்துக்குக் கொண்டுபோய்த் தராசில் தொங்கவிட்டால், தராசு காட்டுவது உங்கள் எடை அல்ல. கணக்கப்பிள்ளை வாயில் வருவதுதான் எடை. மழை பெய்திருந்தால் தண்ணிக்கு என்று கழிப்பார். பெய்யாவிட்டால் பனிக்கு. அப்புறம் சாக்குக்கு, முத்தல் இலைக்கு. இருபது கிலோ தொங்கும், பதினாறு என்று எழுதுவார். இந்த ஐயா அதில் பேர் போனவர். அம்மா அவருக்கு முன்னால் நின்றது ஒருநாள் இருநாள் இல்லை.

"பதினாறு தொங்குதுங்களா," என்று அம்மா காரைச் சுற்றி வந்தார். "அடியில உக்கியிருக்கு. தண்ணிக்கு ரெண்டு. பதினாலு."

"ஏய், என்னம்மா இது..."

"இந்த மட்கார்டுல வெறும் பூச்சு. அதுக்கு ஒண்ணு. கியர்பொக்ஸ் வேற தோட்டத்து கொழுந்துங்க, கலக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லுவீங்க. ஒண்ணரை. பதினொண்ணரை."

பாஸுக்கு விஷயம் பிடித்துவிட்டது. வைத்துவிட்டுப் போன டீயை எடுத்துக்கொண்டு வந்து திண்டில் வசதியாக உட்கார்ந்தார்.

"இது காரும்மா! கொழுந்தா?" ஐயாவின் குரல் ஏறியது. "கண்டபடி கழிக்கிறியே, யாரக் கேட்டு கழிக்கிற?"

"நீங்க யாரக் கேட்டுங்க கழிச்சீங்க?"

குரலை உயர்த்தவில்லை. நல்ல மரியாதையோடு, நேரம் என்ன என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். ஐயா என்னைப் பார்த்தார். படித்த தம்பி காப்பாற்றுவார் என்று நினைத்தாரோ என்னவோ. படித்த தம்பி காலிக் கோப்பையிலிருந்து இன்னொரு வாய் குடித்தார்.

"ஆக்சிடென்டே இல்லன்னு சொன்னீங்க," அம்மா இடது பக்கக் கதவுக்குக் கீழே தடவினார். "அஞ்சாம் நம்பர் மல வளைவுல கான்ல எறங்கிச்சே. மழைக்காலத்துல. கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த எங்கள கூப்புட்டு தூக்கச் சொன்னீங்க. பதினாலு பொம்பளைங்க தூக்கினோம். இந்தப் பக்கந்தான் நான் புடிச்சேன். கொழுந்து கொறஞ்சு போச்சுன்னு அன்னைக்கு எங்க எல்லாருக்கும் அரப்பேரு போட்டீங்க."

கான் என்றால் ரோட்டோர வாய்க்கால். அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம்.

"அத இன்னுமா ஞாபகம் வெச்சிருக்க?"

"எழுதினவங்க மறக்கலாங்க. கானுக்கு ஒண்ணரை. பத்து."

ஐயா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சட்டம் பேசினார். "இங்க பாரு. ஒனக்கு வெளங்காது. இந்த மாதிரி கார் எல்லாம் பழசாகப் பழசாகத்தான் வெல கூடும். ஒலகம் பூரா அப்பிடித்தான். தம்பிகிட்ட கேட்டுப் பாரு."

"அப்பிடிங்களா? நானும் பழசாயிட்டேன்னுதான் பேரு வெட்டுனாங்க. எனக்கு யாரும் வெல கூட்டலையே ஐயா. முத்தலுக்கு ஒண்ணு. ஒம்பது."

பாஸ் சிரித்து டீ புரையேறி இருமினார். அப்புறம் அரை மணித்தியாலம் இழுபறி. ஐயா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார், வெளியே வந்தார், டொக்டருக்கு போன் போடுவதாகச் சொன்னார். "போட்டுப் பாருங்க, நாங்க இருக்கோம்," என்றார் அம்மா. போன் கையிலேயே இருந்தது. டொக்டர் என்ற ஆளுக்கு நம்பர் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஐயா ஒன்பதரை என்றார். அம்மா சாக்குக்கு இன்னும் கழிக்கவில்லை என்று நினைவுபடுத்தினார். ஒன்பதேகாலில் நின்றது. அடித்தகரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அம்மா பாஸைக் கேட்டார். ஒன்றரை என்றார் பாஸ். அம்மா விரலில் கணக்குப் போட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். என் எக்செல் ஷீட்டை யாரும் கேட்கவில்லை.

ஐயா உள்ளே போய் காரின் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்தார். "தம்பி, ஒங்க ஐடென்டிட்டி கார்ட குடுங்க," என்றார். நான் பர்ஸைத் திறந்தேன்.

"எங் கார்டுங்க," என்றார் அம்மா. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையோடு எடுத்து நீட்டினார்.

"அம்மா, உங்களுக்கு லைசென்ஸே இல்லையே!"

"லைசென்ஸ் ஓட்டுறவனுக்குடா. கார் எனக்கு."

மறுநாள் வங்கிக்குப் போனோம், கையெழுத்துப் போட்டோம். இரண்டு வாரம் கார் பாஸின் பட்டறையில் கிடந்து அடித்தகரம் போட்டுக்கொண்டது. இப்போது ஒவ்வொரு சாயங்காலமும் லயத்துக்கு வந்ததும் அன்றைய ஹயர் காசை, அதாவது சவாரி வாடகையை, அம்மா கையில் கொடுக்கிறேன். பெட்ரோலுக்குக் கழிக்கிறார். டயர் தேய்மானத்துக்குக் கழிக்கிறார். நான் ஸ்டேஷனில் வடை தின்றதற்கும் கழிக்கிறார், அது எப்படித்தான் தெரிகிறதோ. மிஞ்சுவதில் எனக்கு நாள் சம்பளம். போன செவ்வாய்க்கிழமை டவுனுக்குப் போகும் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து, ஒரு ஜெர்மன் ஜோடி இறங்கி மீதித் தூரம் வேனில் போனது. அம்மாவிடம் சொன்னேன், மறைக்கவில்லை. அரைப்பேர் போட்டார்.

இதை நானுஓயா ஸ்டேஷன் வாசலில், காருக்குள் உட்கார்ந்து போனில் தட்டுகிறேன். காலையிலிருந்து ஒரு ஹயரும் இல்லை. ரயில் நாற்பது நிமிஷம் லேட்.