அப்ரூவல் இல்லாத வெள்ளி

போன ஞாயிறு காந்திபுரத்தில் ஒரு நாணயக் கண்காட்சி. என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். வாரா வாரம் பத்தி எழுதுகிற ஆளுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள்!

'உலக நாடுகள்' பிரிவில் ஓர் அட்டை என்னை நிறுத்தியது. கறுப்பு வெல்வெட்டில் நான்கு வெள்ளி நாணயங்கள். அப்படி ஒரு சுத்தமான வேலை! கீழே, 'அப்காசியா - நினைவு நாணயங்கள்'.

அப்படி ஒரு நாடா? செல்போனில் தேடினேன். கருங்கடல் ஓரத்துச் சின்ன நிலம். தனி நாடு என்று ஒப்புக்கொள்வது ரஷ்யாவும் இன்னும் சிலரும் மட்டும். மற்றவர்களுக்கு அது ஜார்ஜியாவின் ஒரு பகுதி. அங்கே கடைகளில் புழங்குவதுகூட ரஷ்ய ரூபிள்தான்.

"இது நாடே இல்லையே... அட்டையை எடுத்துடலாம்" என்றேன், பெரிய நீதிபதி மாதிரி.

அட்டைக்குச் சொந்தக்காரர் ஓடி வந்தார். சாந்தாமணி. சரவணம்பட்டி பக்கம் தையல் கடை வைத்திருப்பவர். நான்கு நாணயங்களும் சேர நான்கு வருஷம் ஆனதாம். கலந்துகொள்கிற முதல் கண்காட்சியாம். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"ஏனுங்க சார், நா குடியிருக்கற நகருக்கே அப்ரூவல் இல்லீங்க. அதுக்காக நாங்க இல்லீன்னு ஆயிருமுங்களா? ஆர்ச் கட்டியிருக்கறமுங்க. புள்ளையார் கோயில் கட்டியிருக்கறமுங்க. பத்தாவது ஆண்டு விழாவுக்கு ஊட்டுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் குடுத்தமுங்க. நகர் பேரு வெட்டி!"

சொன்னதோடு விடவில்லை. தண்ணீர் குடிக்கப் பையில் வைத்திருந்த அதே டம்ளரை எடுத்து நாணயங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பார்த்தேன். அங்கே வெள்ளி, இங்கே எவர்சில்வர். இரண்டிலும் ஊர்ப் பெயர், விழா, வருஷம்... வேறென்ன வித்தியாசம்?

கருங்கடல் சண்டையில் நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது. ஜார்ஜியாக்காரர் ஒருவர் வந்திருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார். ஆனால் அடுத்தவன் கையெழுத்துக்குக் காத்திராமல் தன் பெயரைத் தானே வெட்டிக்கொள்கிற அந்த வீம்பு இருக்கிறதே... எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. ஓரத்தில் 'நடுவர் ஒப்புதல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

"இத நீங்க வெச்சுக்கோங்க சார். ஊட்டுல இன்னொண்ணு இருக்குதுங்க" என்று டம்ளரை என் கையில் திணித்துவிட்டார் சாந்தாமணி.

ஐ.நா. சபையிலிருந்து யாராவது விசாரிக்க வந்தால் வரட்டும்... அந்த டம்ளரிலேயே காபி தருகிறேன்!