சாப்பிட்டால் கேட்க முடியாது

கண்ணாடி துடைப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. விலை சொல்வதுதான் கஷ்டம்.

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். அங்கே கூலி என்பது நமக்குச் சொல்லப்படுவது. நாமாகப் போய்ச் சொல்வது கிடையாது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்வார், அப்பா தலையாட்டுவார். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பல வேலை பார்த்து, கடைசியில் இந்த ஜன்னல் துடைக்கும் வேலையைச் சொந்தமாக ஆரம்பித்தபோதும் அந்தத் தலையாட்டல் என்னோடு வந்துவிட்டது.

என் முதல் வாடிக்கையாளர் அந்தக் கிராணியின் மனைவி. கணவர் இறந்த பிறகு பிரிஞ்சாங் ஊருக்கு மேலே இருக்கும் மாடி வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டு, பின்கட்டில் குடியிருக்கிறார். எங்கள் கிறிஸ்தவ சபையில் எல்லாருக்கும் அவர் அக்கா. மலையைப் பார்த்த பக்கம் முழுவதும் கண்ணாடி. பனியில் நனைந்து ஓரமெல்லாம் பச்சைப் பாசி பிடிக்கும். மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும். முதல் நாள் அக்காவே ஒரு விலை சொன்னார். நான் சரி என்றேன்.

அதோடு அதுவே ஊர் விலை ஆகிவிட்டது. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் எனக்கு வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் சபைக்காரர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள். யாரிடம் போனாலும் முதல் கேள்வி, "அக்கா என்ன குடுக்குறாங்க?" என்பதுதான். அக்கா ஏற்றாமல் யாரும் ஏற்ற மாட்டார்கள்.

என்னோடு வேலை செய்தவன் என் மனைவியின் தம்பி. நான் மேலே ஏறினால் அவன் ஏணியைப் பிடிப்பான். ஈரத் தரையில் ஆள் பிடிக்காமல் ஏணியில் ஏற முடியாது. கம்போங் ராஜாவில் ஒரு பூத்தோட்டக்காரர் அவனை நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார்.

"எனக்குப் போக இஷ்டமில்ல மாமா. ஆனா வேற வழி சொல்லுங்க. அக்காகிட்ட ஒரு வார்த்த கேளுங்க லா. கடிச்சா திங்கப் போறாங்க?"

"கேக்குறேன் மாப்ள."

"எப்ப? நான் கெழவன் ஆனப்புறமா?"

அக்கா கடித்துத் தின்கிறவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். அவர் சோறு போடுகிறவர். வேலை முடிந்ததும் எங்களை வெளியே அனுப்ப மாட்டார். கை கழுவச் சொல்லி மேசையில் உட்கார வைப்பார். தட்டு நிறையச் சோறு, குழம்பு, பொரித்த கருவாடு. பணத்தைக் கடைசியில் கையில் வைத்து மடக்குவார். தோட்டத்தில் கிராணி வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்காதவர்கள் என் பெற்றோர். நான் அந்தக் குடும்பத்து மேசையில் உட்கார்ந்து வாயில் சோறும் வைத்துக்கொண்டு விலையைப் பற்றி எப்படிப் பேசுவது?

ஒரு நாள் பேசினேன். பேசினேன் என்றால், தட்டைப் பார்த்துக்கொண்டு முனகினேன்.

"கொஞ்சம் சுசாவா, கஷ்டமா இருக்குக்கா. சாமான், பெட்ரோல் எல்லாம் ஏறிப்போச்சு..."

"ஆமா தம்பி. எல்லாருக்கும் சுசாதான்," என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "வெள்ளிக்கிழம வீட்டு ஜெபத்துக்கு வா. ஜெபம் பண்ணுவோம்."

நான் சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா வீட்டில் எல்லாரும் முழங்காலில் இருந்தோம். அக்கா சத்தமாக ஜெபித்தார். "நம்ம தம்பி குடும்பத்துல இருக்குற பணக்கஷ்டத்த நீக்கிப் போடும் ஆண்டவரே." சுற்றிலும் இருந்தவர்கள் ஆமென் என்றார்கள். என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். எனக்கு முகம் கொதித்தது. எழுந்து போகவும் முடியவில்லை, கண்ணைத் திறக்கவும் முடியவில்லை.

ஜெபம் முடிந்ததும் ஒருவர் என் வேனில் ஒரு மூட்டை முட்டைக்கோஸ் ஏற்றினார். இன்னொருவர் அரிசி கொடுத்தார். ஓர் அம்மா சின்னப் பிள்ளைகளின் குளிர்ச்சட்டைகளைப் பையில் போட்டுக் கொடுத்தார். என் ஒரே மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். நான் எல்லாவற்றையும் வாங்கி எல்லாருக்கும் நன்றி சொன்னேன். இத்தனையும் வாங்கியவன் அடுத்த வாரம் அவர்கள் வாசலில் நின்று விலையைக் கூட்டுங்கள் என்று சொல்ல முடியுமா?

வேனில் மைத்துனன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வெலய ஏத்தப் போனீங்க மாமா. கோஸ ஏத்திக்கிட்டு வர்றீங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் திங்கக்கிழமலேர்ந்து அங்க போறேன்," என்றான்.

அடுத்த மாதம் அக்கா வீட்டுக்குத் தனியாகப் போனேன். கீழ்க் கண்ணாடிகளைத் துடைத்தேன். மேலே பாசி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆள் இல்லாத சங்கதியை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதே அவர் வந்துவிட்டார்.

"என்ன தம்பி, மேல ஏறலியா?"

"ஏணி புடிக்க ஆள் இல்லக்கா."

"நான் எதுக்கு இருக்கேன்?" சேலையைச் செருகிக்கொண்டு ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார். வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. ஏறினேன்.

மேலே என் முகத்துக்கு நேராகக் கண்ணாடி. அதில் தேயிலை மலையும் பனியும் தெரிந்தன. அக்கா முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கீழே இருந்து வந்தது.

"உன் மச்சினன் எங்க?"

"கம்போங் ராஜாவுல பூத்தோட்டத்துக்கு வேலைக்குப் போயிட்டான்கா."

"ஏன்?"

"சம்பளம் பத்தல."

"நீ கூட்டிக் குடுக்க வேண்டியதுதானே?"

சோப்புத் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. கீழே இறங்க வழியில்லை, அவர் நிற்கிறார். மேலே போகப் படியில்லை.

"நான் கூட்டிக் குடுக்கணும்னா," என்று கண்ணாடியிடம் சொன்னேன், "நீங்க கூட்டிக் குடுக்கணும்கா."

ஏணி லேசாக அசைந்தது.

"எவ்வளவு?"

சொன்னேன். பழைய விலையும் அதில் பாதியும்.

"எறங்கி வா. சோறு ஆறிடும். சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

"இல்லக்கா. சாப்பிட்டா என்னால கேக்க முடியாது."

இதை எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, குடுக்குறேன்," என்றார் கடைசியில். "எறங்கு. எனக்குக் கை வலிக்குது."

அன்றைக்கும் தட்டு வைத்தார். சாப்பிட்டேன்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. "அக்கா குடுக்குறாங்கன்னா சரிதான்," என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். மைத்துனன் திரும்பி வந்தான். பூத்தோட்டத்து மருந்து வாடை அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

அடுத்த மாதம் அக்கா வீட்டில் பணம் வாசலில் செருப்பு அலமாரி மேல் ஓர் உறைக்குள் இருந்தது. புது விலை சரியாக இருந்தது. உள்ளே வா என்று குரல் வரவில்லை. நாங்கள் வேனில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம்.

"கோவமா மாமா அவங்களுக்கு?"

"இல்ல மாப்ள." எனக்கும் தெரியவில்லை. போய்க் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன்.

போன தடவை சாப்பாட்டு மேசைக்கு எதிரே இருக்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அக்கா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் சிரிக்கலாமா வேண்டாமா என்று நின்றேன். அவர் இடது கையைத் தூக்கிக் கண்ணாடியின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு சோப்புக் கோடு இருந்தது. சோறு போட்ட இத்தனை வருஷத்தில் என் வேலையில் அவர் ஒரு குறை காட்டியதில்லை.

துடைத்தேன். சரியா என்று கையால் கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.